வீட்டில் செய்த எச்.எச்.ஓ. கிட்டில் பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுப்பேட்டைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். ஒரு காலத்தில் இந்த எச்.எச்.ஓ. கிட்டை நானே செய்து என் வண்டியில் மாட்டி ஓட்டியிருக்கிறேன். அதனால் மாட்டிவிட்டு முழிக்கிறவர்கள் யாராவது ஒருவர் வழியாக என்னிடம் வந்து சேர்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தெரியாதவர்களுக்கு: பேட்டரி கரண்டைக் காஸ்டிக் பொட்டாஷ் கரைத்த காரத் தண்ணீருக்குள் விட்டு ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரித்து, அந்தக் கலவையை ஏர் ஃபில்டர் குழாய் வழியாக எஞ்சினுக்குள் அனுப்பும் சாதனம்தான் எச்.எச்.ஓ. கிட். மைலேஜ் ஏறும் என்று நம்பித்தான் மாட்டுகிறார்கள். ஸ்டீல் தகடுகள் அடுக்கிய பெட்டியைச் செல் என்போம்.

ஸ்விட்ச் போட்ட உடனே பியூஸ் டப்புனு போயிடுது. முதல்ல எதைப் பார்க்கணும் சார்?

போட்ட நொடியிலேயே போனால் அது நேரான ஷார்ட். தண்ணீரையும் காரத்தையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

செல்லுக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரைச் செல்லிலிருந்து கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்டுப் புது பியூஸ் போட்டு ஸ்விட்சைப் போடுங்கள். அப்போதும் போனால் கோளாறு ஒயரில். பேனட்டுக்குள்ளிருந்து கேபினுக்கு வரும் தகரத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை நுழைத்திருப்பார்கள். அதிர்வில் மேல்தோல் உரிந்து தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். என்னிடம் வரும் பத்து வண்டியில் பாதிக்கு இதுதான் கதை.

ஒயர் சரி, செல்லை மாட்டினால்தான் போகிறது என்றால் செல்லுக்குள் ஷார்ட். தகடுகளுக்கு நடுவே உள்ள கேஸ்கட் நகர்ந்து இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கலாம். கடைசித் தகட்டுக்குப் போகும் போல்ட்டு நடுத் தகடு ஒன்றை உரசிக்கொண்டிருக்கலாம். பாசிட்டிவ் போல்ட்டு வண்டியின் பாடியைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். செல்லைத் தாங்கும் கிளாம்ப் இரும்பாக இருந்தால் அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வரும்.

காலையில நல்லா ஓடுது. ஈ.சி.ஆர்.ல ஒரு மணி நேரம் போனதும் பியூஸ் போயிடுது. ஆற வெச்சா மறுபடியும் ஓடுது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒயரிங்கில் கோளாறு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். செல் சூடாகிறது, அவ்வளவுதான். காரத் தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரண்ட் இன்னும் எளிதாகப் பாயும். ஒரு டிகிரி ஏறினால் அதன் மின்கடத்தும் திறன் தோராயமாக 2 சதவீதம் கூடும். கரண்ட் கூடினால் இன்னும் சூடாகும். சூடானால் இன்னும் கரண்ட் இழுக்கும். பல்பு, மோட்டார் மாதிரி ஓரிடத்தில் நிற்கும் சாமான் இல்லை இது. காலையில் 14 ஆம்பியரில் ஆரம்பித்த செல் மதியம் 25-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரைப் பிரிக்கும்போது ஒரு இடைவெளிக்கு, அதாவது அடுத்தடுத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே, சுமார் 1.48 வோல்ட் வரைதான் வேலைக்குப் போகும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் சூடு. ஓடும் வண்டியில் 13.8 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு இடைவெளி உள்ள செல்லில் ஒவ்வொன்றுக்கும் 2.3 வோல்ட் கிடைக்கும். மிச்சம் 0.82 வோல்ட், அதை ஆறாலும் 20 ஆம்பியராலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 98 வாட். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை இரண்டு லிட்டர் தண்ணீருக்குள் எரியவிட்ட மாதிரி. வெளியே போகும் சூட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஐம்பது நிமிடத்தில் 35 டிகிரி ஏறிவிடும். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் பியூஸ் போகிறது என்றால் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

அக்னி நட்சத்திர வெயிலில் பேனட்டுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லவே வேண்டாம். அதிலும் சிலர் இடம் இல்லை என்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் செல்லை மாட்டியிருப்பார்கள்.

ஆகவே கரண்டைக் காலையில் குளிர்ந்த செல்லில் வைத்து செட் பண்ணாதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு மீட்டரைப் பாருங்கள். அப்போது 20 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் காரக் கரைசலில் கொஞ்சத்தை வெளியே எடுத்து, அந்த அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். காலையில் 8, 9 ஆம்பியர்தான் காட்டும். காட்டட்டும். "கேஸ் கம்மியா வருதே" என்று மறுபடியும் ஒரு ஸ்பூன் காரம் போட்டீர்களோ, மதியம் பியூஸ் போகும்.

செல்லை கிரில்லுக்குப் பின்னால், காற்று படும் இடத்தில் மாற்றி வையுங்கள்.

20 ஆம்பியர் பியூஸ் நிக்க மாட்டேங்குது. 30 போட்டுக்கலாமா அண்ணே?

ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று முதலில் சொல்லுங்கள். பியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. செல்லைக் காப்பாற்ற அல்ல. 2.5 ஒயரில் பச்சை கலர் 30 ஆம்பியர் பிளேடு பியூஸைச் சொருகினால் பியூஸ் நிற்கும், ஒயர் உருகும். 20 ஆம்பியர் ஓடும் செல்லுக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 25 ஆம்பியர் பியூஸ், பியூஸ் ஹோல்டர் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். இதுதான் நான் போடுவது. அதற்கு மேல் பியூஸ் போகிறது என்றால் செல்லைக் குறையுங்கள், பியூஸை ஏற்றாதீர்கள்.

செம்புக் கம்பியைச் சுற்றி பியூஸுக்குப் பதிலாகப் போட்டிருந்த ஒரு வண்டியையும் பார்த்தேன். சிகரெட் டப்பாத் தாளைச் சுற்றியிருந்த இன்னொன்றையும் பார்த்தேன். இரண்டிலும் பெட்ரோல் குழாய் அரையடி தூரத்தில்.

ஒன்று கவனியுங்கள்: பியூஸ் போகாமல் ஹோல்டர் மட்டும் உருகியிருந்தால் அது ஓவர்லோடு இல்லை, லூஸ் தொடர்பு. 20 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.05 ஓம் தடை இருந்தாலே அந்த ஒரு புள்ளியில் 20 வாட் சூடு. சாலிடரிங் அயர்ன் நுனியை அங்கே வைத்த மாதிரி. ஹோல்டரையும், ஒயர் நுனியில் அழுத்தியிருக்கும் லக் என்ற உலோக முனையையும் மாற்றுங்கள். லக்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்காமல் சரியான கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள்.

எத்தனை தகடு போடணும்? ரெண்டு தகடுலயே நல்லா நுரை வருதே?

நுரை வரும். கூடவே வெந்நீரும் வரும். மேலே போட்ட கணக்கையே ஒரே இடைவெளிக்குப் போடுங்கள்: 13.8-இல் 1.48 போக மிச்சம் 12.3 வோல்ட்டும் சூடு. 20 ஆம்பியரில் 246 வாட். அதே கரண்டுக்கு ஆறு இடைவெளிச் செல் ஆறு மடங்கு கேஸ் கொடுக்கும், பாதிக்கும் குறைவான சூட்டில்.

பாசிட்டிவ் ஒன்று, நெகட்டிவ் ஒன்று, நடுவில் எந்த ஒயரும் இல்லாத ஐந்து நியூட்ரல் தகடு, மொத்தம் ஏழு. டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டர் 14.4 வோல்ட் வரை கொடுக்கும் வண்டி என்றால் இன்னொரு நியூட்ரல் சேர்த்து எட்டாக்குங்கள். இடைவெளிக்கு 2 வோல்ட் சுற்றி வரும், செல் குளிர்ச்சியாக ஓடும். ஓவர்லோடுக்கு நான் சொல்லும் வைத்தியங்களில் செலவு குறைந்தது இந்த ஒரு தகடுதான்.

என்ன தண்ணி ஊத்தறது? கேன் தண்ணி போதுமா? உப்பு, ஆப்ப சோடா எல்லாம் போடலாம்னு சொல்றாங்களே?

உப்பு வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டால் குளோரின் வாயு வரும், ஸ்டீல் தகட்டில் பொத்தல் விழும். சென்னை போர் தண்ணீர் ஏற்கெனவே பாதி உப்புதான். ஆப்ப சோடா போட்டால் கரியமில வாயு கலந்து வரும், அடியில் சேறு கட்டும். கேன் தண்ணீரிலும் கொஞ்சம் தாது உப்பு உண்டு. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

காரம் என்றால் காஸ்டிக் பொட்டாஷ். கையில் பட்டால் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பு உங்கள் தோல் கரைவது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தண்ணீரில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; காரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராக எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் எது உண்டோ அங்கேயோ போங்கள். வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதீர்கள். காரம் அலுமினியத்தைத் தின்று, கரண்டே இல்லாமல் ஹைட்ரஜன் விடும்.

மாசத்துக்கு ஒரு தடவை கலந்து வெச்ச லிக்விட் ஊத்தறேன். ஊத்துன வாரமே பியூஸ் போகுது.

அதுதான் தப்பு. காரம் தீராது, தண்ணீர் மட்டும்தான் கேஸாகிப் போகிறது. சாம்பாரில் தண்ணீர் சுண்டினால் உப்புக் கரிப்பது போலத்தான். அதற்கு மேல் நீங்கள் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கரைசல் கெட்டியாகி ஆம்பியர் ஏறுகிறது. டாப்-அப்புக்கு வெறும் டிஸ்டில்டு வாட்டர் போதும். மட்டம் பாதிக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள்.

கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். ஒயர்ல மாட்டினா ஜீரோ காட்டுது. ஆனா கேஸ் வருதே?

ரிச்சி தெருவில் விலை குறைவாகக் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர் பெரும்பாலும் ஏ.சி. கரண்டை மட்டும் அளக்கும். வீட்டு லைனுக்குச் சரி, வண்டிக்கு ஆகாது. டி.சி. ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு, கடையிலேயே ஒரு பேட்டரியில் சோதித்து வாங்குங்கள். மல்டிமீட்டரில் இருக்கும் 10 ஆம்பியர் துளையில் 20 ஆம்பியர் செல்லை இணைத்தால் மீட்டரின் பியூஸ் போகும். பியூஸே இல்லாத மலிவு மீட்டர் என்றால் உள்ளே கருகும்.

நிரந்தரமாகப் பார்க்க வேண்டுமானால் 75 மில்லிவோல்ட் ஷன்ட்டோடு (கரண்டை அளக்க ஒயரின் நடுவே வைக்கும் சின்னத் தடை) வரும் டேஷ்போர்டு மீட்டர் நல்லது. அதை ஓட்டும்போது பார்க்கலாம். ஏறுகிறது என்று தெரிந்தால் கையால் நிறுத்தலாம்.

பி.டபிள்யூ.எம். போட்டுட்டேன். மீட்டர்ல 20 ஆம்பியர்தான் காட்டுது, ஆனா 25 பியூஸ் போகுது. பியூஸ் டூப்ளிகேட்டா?

பியூஸ் மேல் பழி போடாதீர்கள். பி.டபிள்யூ.எம். என்ற கன்ட்ரோலர் கரண்டைக் குறைப்பதில்லை, வேகமாகப் போட்டுப் போட்டு நிறுத்துகிறது. பாதி நேரம் 40 ஆம்பியர், பாதி நேரம் பூஜ்யம் என்றால் மீட்டர் சராசரியாக 20 என்று காட்டும். ஆனால் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒயருக்கும் பியூஸுக்கும் அது சுமார் 28 ஆம்பியர் ஓடுகிற மாதிரி. 20 ஆம்பியர் சீராக ஓடுவதைப் போல இரண்டு மடங்கு சூடு. 25 பியூஸ் போகத்தான் செய்யும். கன்ட்ரோலருக்கு முன்னால் பெரிய கெபாசிட்டர் இருந்தால் பேட்டரிப் பக்கத்தில் இது சமனாகும். ஆனால் செல் பக்கம் 40 தான்.

எனவே கெட்டிக் கரைசலைப் போட்டுவிட்டு பி.டபிள்யூ.எம். வைத்து அடக்கலாம் என்று நினைக்காதீர்கள். கரைசலை நீர்க்க வைத்து, பி.டபிள்யூ.எம். ஏறக்குறைய முழுதும் திறந்த நிலையில் ஓட வேண்டும். கூடிப்போகும்போது மட்டும் அது கையைப் பிடிக்கட்டும்.

இன்னொன்று: அதற்குள் கரண்டைப் போட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்சான மாஸ்பெட் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் கெடும். அதாவது கட்டுப்பாடே இல்லாமல் முழுக் கரண்டும் போகும். பி.டபிள்யூ.எம். இருக்கிறதே என்று பியூஸை எடுத்துவிட்டவர்களுக்கு இது. எஃப்.எம். ரேடியோவில் உய்ய்ங் என்று சத்தம் கேட்டால் அதுவும் இதன் கைங்கரியமே.

சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மங்குது. காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. பியூஸ் நல்லாத்தான் இருக்கு.

இது வேறு வகை ஓவர்லோடு. செல் பாஸ், ஆல்டர்னேட்டர் ஃபெயில்.

சின்னக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணி, கத்திப்பாரா தாண்டி ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஹெட்லைட் இரண்டும் ஒன்பது பத்து ஆம்பியர். ஏ.சி. புளோயர், அதன் கிளட்ச், ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்த்தால் 35, 40 ஆகிவிடும். ஆல்டர்னேட்டர் மேல் 65 என்று எழுதியிருக்கும். அது எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஐடிலிங்கில் அதில் பாதி வந்தால் பெரிய விஷயம். சூட்டில் இன்னும் குறையும். ஏற்கெனவே கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கிறது. அதன் மேல் 20 ஆம்பியர் செல். குறைவதைப் பேட்டரிதான் கையிலிருந்து போடும்.

சோதிக்க: ஐடிலிங்கில் எல்லாவற்றையும் போட்டு, பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். செல்லை ஆன் செய்ததும் 13-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் உங்கள் வண்டியில் இந்தச் செல்லுக்கு இடமில்லை. ஐடிலிங்கில் செல்லை நிறுத்திவிடும் மாதிரி வையுங்கள், அல்லது கழற்றுங்கள். பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதைச் சுற்றவும் பெட்ரோல்தான்.

பைக்குல போடலாமா?

வேண்டாம். 100 சி.சி. வண்டியின் காயில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் கொடுப்பதே கணக்காகத்தான். செல்லுக்குக் கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. சீட்டுக்குக் கீழே, இரண்டு கால்களுக்கு நடுவே, காரமும் ஹைட்ரஜனும் எதற்கு?

ரிலே கட்டாயமா? நேரா ஒரு ஸ்விட்ச் போட்டா ஆகாதா?

கட்டாயம். சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்தான் ரிலே. டேஷ்போர்டு ஸ்விட்ச் 20 ஆம்பியர் தாங்காது. அதைவிட முக்கியமான காரணம், எஞ்சின் நின்ற நொடி செல்லும் நிற்க வேண்டும். 40 ஆம்பியர் ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும்: 30-க்குப் பேட்டரி பியூஸ் வழியாக, 87-இலிருந்து செல்லுக்கு, 85 எர்த், 86-க்கு எஞ்சின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும் இடம். சாவி ஆன் நிலையில் வரும் கரண்டைக் கொடுப்பது அரைகுறை வேலை. எஞ்சின் ஆஃப் ஆகிச் சாவி ஆன் நிலையிலேயே இருந்தால் செல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக இன்னொரு சின்ன ரிலே வைத்து எடுப்பது நல்ல வழி.

இதை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. என் பழைய மாருதி 800-இல் 30 ஆம்பியர் ரிலே ஒன்றைப் போட்டிருந்தேன். செல் சூடாகி அளவுக்கு மேல் இழுத்து, ரிலேயின் பாயின்ட் இரண்டும் ஒட்டிக்கொண்டது. சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். இருபது நிமிடம் அது கேஸ் தயாரித்து ஏர் ஃபில்டர் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. வந்து செல்ஃப் அடித்ததும் ஏர் ஃபில்டர் மூடி பேனட்டை முட்டியது. பக்கத்துக் கடைக்காரர் டயர் வெடித்தது என்று நினைத்து ஓடிவந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது, ரிலே பாவம்.

ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் இருந்தாலே பற்றும், 75 வரை பற்றும். அதைப் பற்றவைக்கத் தேவையான பொறி பெட்ரோல் ஆவிக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்கு. எச்.எச்.ஓ. என்பதோ, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கையோடு கொண்டுவரும் கலவை. எதிலும் சேர்த்து வைக்கவே கூடாது. சிலிண்டர், டியூப், பலூன் எதிலும்.

பப்ளர் எதுக்கு? அதுக்கும் ஓவர்லோடுக்கும் என்ன சம்பந்தம்?

எஞ்சின் பக்கமிருந்து தீ திரும்பி வந்தால் தண்ணீரில் அணையட்டும் என்பதற்காகச் செல்லுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் தண்ணீர்ப் பாத்திரம். ஓவர்லோடு ஆகும்போது செல் கொதித்து நுரை தள்ளும். அந்தக் கார நுரை பப்ளரில் நிற்காவிட்டால் அலுமினியத் த்ராட்டில் பாடிக்கும் பிஸ்டனுக்கும் போகும். கையுறையோடு தொடும்போது பப்ளர் தண்ணீர் வழவழப்பாக இருக்கிறது என்றால் உங்கள் செல் நுரைக்கிறது. கரண்டைக் குறையுங்கள், மட்டத்தைக் குறையுங்கள். கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டிலில் பப்ளர் செய்யாதீர்கள். வெடித்தால் பிளாஸ்டிக் கிழியும், கண்ணாடி பறக்கும்.

தண்ணி காப்பி கலர்ல ஆயிடுச்சு. ஆம்பியரும் ஏறுது.

தகடு கரைகிறது. அந்தச் சேறு இடைவெளியில் படிந்து தகடுகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. பிரித்துக் கழுவ வேண்டியதுதான். 316 எல் கிரேடு ஸ்டீல் என்று விற்கப்படுவதில் எத்தனையோ 202. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் சோதித்துக் காட்டுவார். 202-இலும் காந்தம் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள், முகம் மாறும்.

தண்ணீர் மஞ்சளாக இருந்தால் இன்னும் கவனம். ஸ்டீலில் இருக்கும் குரோமியம் விஷமான வடிவத்தில் கரைந்திருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

இவ்வளவும் சரி பண்ணிட்டா மைலேஜ் எவ்வளவு ஏறும்?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்டிருக்கலாம்.

ஒரு இடைவெளியில் 1 ஆம்பியர் ஒரு நிமிடம் ஓடினால் நம்மூர் வெயிலில் 11 மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் மேல் கலவை வாயு வரும். ஃபாரடே 1830-களில் கண்ட விதி. யூடியூபில் யார் என்ன சொன்னாலும் மாறாது. ஆறு இடைவெளி, 20 ஆம்பியர்: நிமிடத்துக்குச் சுமார் 1.4 லிட்டர். 10 ஆம்பியரில் 5 லிட்டர் வருகிறது என்று ஒருவர் காட்டினால் அதில் மீதி நீராவி.

அந்த 1.4 லிட்டரில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது சுமார் 150 வாட். அதைச் செய்ய நீங்கள் செலவழித்த மின்சாரம் 276 வாட். அந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தயாரிக்க எஞ்சின் தண்டிலிருந்து கிட்டத்தட்ட 500 வாட் பிடுங்கும், ஏனென்றால் அதில் பாதிக்கு அருகே சூடாகப் போகிறது. எஞ்சின் அந்த 500 வாட்டைக் கொடுக்க ஒன்றரை முதல் 2 கிலோவாட் அளவுக்குப் பெட்ரோலை எரிக்கும். 2,000 ரூபாயை மாற்றக் கொடுத்து 150 ரூபாயைத் திரும்ப வாங்குகிற வியாபாரம்.

"நேரடிச் சக்தி வேண்டாம், பெட்ரோல் நன்றாக எரிய உதவுகிறதே" என்பார்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 50 வேகத்தில் போகும்போது எரிக்கும் பெட்ரோலின் சக்தி கிட்டத்தட்ட 30 கிலோவாட். உங்கள் ஹைட்ரஜன் அதில் அரை சதவீதம். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் பெட்ரோல் ஏறக்குறைய முழுதும் எரிந்துவிடுகிறது; எரியாமல் மிஞ்சுவது அற்பம். போதாதற்கு, இன்ஜெக்‌ஷன் வண்டியில் கூடுதல் ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றும்.

எனக்கு ஏறிய மாதிரி இருந்ததே என்றால், இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. கிட் மாட்டிய மாதம் டயரில் காற்று சரியாக வைத்திருந்தேன், ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்தேன், ஸ்பார்க் பிளக் மாற்றியிருந்தேன். செல்லை ஆஃப் செய்துவிட்டு அதே மாதிரி ஓட்டினேன். அதே மைலேஜ்.

1996-இல் தண்ணீரில் மூலிகை போட்டால் பெட்ரோல் ஆகும் என்று ராமர் பிள்ளை சொல்ல, மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே பேசியது நினைவிருக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல ஹைட்ரஜன் ரயிலே பண்ணிட்டாங்களே, அது மட்டும் எப்படி?

2025 ஜூலையில் அங்கே சோதித்துப் பார்த்த ரயில்பெட்டி தன் கரண்டிலேயே தண்ணீரைப் பிரித்து ஓடுவதல்ல. ஹைட்ரஜனை வெளியே தயாரித்து, சிலிண்டரில் நிரப்பி ஏற்றுகிறார்கள். ஃபியூயல் செல் அதை மின்சாரமாக்குகிறது. டேங்கில் வெளியிலிருந்து ஏதோ ஒன்று நிரப்பப்படுகிறது. நம் கிட்டில் நிரப்புவது பெட்ரோல் மட்டும்தான்.

எஃப்.சி.க்குப் போனா பிரச்சினை வருமா?

வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட்டுக்கே அங்கீகாரமும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். பேனட்டுக்குள் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இந்த ஒயரைத்தான்.

சரி அண்ணே, கழட்டிடலாம்னு இருக்கேன். எப்படிக் கழட்டறது?

எஞ்சின் ஆறிய பிறகு. முதலில் பேட்டரி நெகட்டிவ். பிறகு பியூஸ், ரிலே, பேட்டரியிலிருந்து வரும் ஒயர். ஒயரை வெட்டி அப்படியே தொங்கவிடாமல் முழுதும் உருவி எடுங்கள். கேஸ் குழாயைக் கழற்றி, பேனட்டைத் திறந்தே வைத்து அரை மணி விடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கையுறையோடு செல்லைச் சாய்த்து, காரத் தண்ணீரைத் தடித்த பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைப்பது வீட்டில் குழந்தை இருக்கும் இடத்தில் கொலைக்குச் சமம். அம்பத்தூர்ப் பக்கம் பிளேட்டிங் பட்டறை யாராவது தெரிந்தவர் இருந்தால் கேளுங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு அவர்களிடம் இருக்கும்.

கேஸ் குழாய் நுழைய ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு ஓட்டை போட்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அதை அடைக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். வழியெல்லாம் மெட்ரோ வேலைத் தூசு. ஃபில்டரைத் தாண்டி நேராக எஞ்சினுக்குள் போகும். குழாயையே மாற்றிவிடுங்கள்; பழைய சாமான் கடையில் கிடைக்கும்.